ஹுவே நகரில் அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில்

1

போன கிழமை அம்மாவின் கடிதம் வந்தது. கோண்டாவிலில் யாரோ ஒருவருடைய விறாந்தையைச் சாக்கால் மறைத்துக் கட்டிய அறையில் இருந்துகொண்டு எழுதியிருக்கிறா. சண்டை நிற்பாட்டியிருக்கிற காலம் என்றபடியால் கடிதம் கெதியாய் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியை ஆமி பிடித்தபோது அராலிக் கடலால் தோணியில் வெளிக்கிட்ட எங்கள் வேலணைச் சனம், இனி வீடு வாசலுக்குத் திரும்பலாம் என்று கதைக்கத் தொடங்கிவிட்டதாம். அம்மாவின் எழுத்தே குதிக்கிறது. கடைசிப் பக்கத்தில், கேட்கவேண்டும் என்று அடக்கி வைத்திருந்த கேள்வி:

"வெளிநாட்டிலை இருக்கிற பிள்ளையள் லீவுக்கு இந்தியாவுக்குப் போகுதுகள், சிங்கப்பூருக்குப் போகுதுகள். நீ ஏன் பிள்ளை வியட்நாமுக்குப் போனனி? அங்கை எங்களுக்கு ஆர் இருக்கினம்? சனம் கேக்குது. எனக்குச் சொல்ல ஒரு மறுமொழி இல்லை."

மறுமொழி எழுதத் தொடங்கினேன். எழுத எழுதச் சிரிப்பு வந்து பேனை வழுக்கியது. அம்மாவிடம் கேட்ட சனம் ஒன்றிரண்டு பேராய் இருக்காது என்று தெரியும். எனவே எல்லோருக்குமாகச் சேர்த்தே எழுதிவிடுகிறேன். இங்கே வட நோர்வேயில் யன்னல் கட்டை வரைக்கும் பனி. உள்ளே இருந்து எழுதுவதைத் தவிர வேறு வேலையும் இல்லை.

2

நான் இந்த ஊருக்கு எண்பத்தாறில் வந்தேன். மீன் பக்டரியில் வேலை கிடைத்தது. பனிக்கட்டியில் வைத்து வருகிற கொட் மீனின் முள்ளைக் கத்தியால் எடுக்கிற வேலை. எனக்குப் பக்கத்தில் நின்று முள் எடுத்தவள் லான். வியட்நாம்காரி. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருப்பாள், கத்தியைத் தொட்டால் மின்னல்.

எங்கள் இருவருக்கும் பொதுவாய் இருந்த ஒரே பாஷை நோர்வேக்காரரின் நொஸ்க். எனக்குத் தெரிந்த சொற்கள் அவளுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்தவை எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு ஆள் கதைக்கிற அளவுக்கு நொஸ்க் வரும். அதை வைத்துக்கொண்டே ஒன்பது வருசமாய் உலகத்தில் உள்ள எல்லாக் கதையும் கதைத்தோம்.

வந்த முதல் கிழமையே என் வயதைக் கேட்டாள். அவர்களுடைய பாஷையில் வயது தெரியாவிட்டால் வாயே திறக்க ஏலாதாம். அக்கா என்று கூப்பிடுவதா, தங்கச்சி என்று கூப்பிடுவதா என்று முதலில் முடிவு கட்டவேண்டும். நான் என் பத்திரத்தில் உள்ள வயதைச் சொன்னேன். என்னைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் ஏதோ தன் கணக்குக்கு என்னை இரண்டு வயது இளமையாக்கி விட்டிருந்தான். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. அப்படிப் பார்த்தால் லான் என்னைவிட மூத்தவள். "தங்கச்சி" என்று அன்றைக்கே என்னைப் பொறுப்பெடுத்துக்கொண்டாள்.

போன வருசம் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்:

"சறோ, இந்த வருசப் பிறப்புக்கு நான் ஊருக்குப் போறன். ஹுவேக்கு. நீயும் வா."

"நான் ஏன்?"

"விருந்தாளி வீட்டிலை நிக்கேக்கை அக்கா என்னை ஏசமாட்டா."

பிறகுதான் கதை வெளியே வந்தது. லானுக்கு ஒரே ஒரு அக்கா, பெயர் ஹோவா. தகப்பன் சண்டையில் போய்விட்டார், தாய் நோய் வருத்தத்தில் போய்விட்டா. தங்கச்சியை வளர்த்து ஆளாக்கியது ஹோவாதான். பதினாறு வயதில் லான் மாமன் குடும்பத்தோடு வள்ளத்தில் ஏறி ஓடிவிட்டாள், அக்காவிடம் சொல்லாமல். சொன்னால் விடமாட்டா என்று தெரியும். வள்ளம் எங்கெங்கோ அலைந்து ஹொங்கொங் அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்து, கடிதம் ஊருக்கு வர ஒரு வருசம் பிடித்தது. அந்த ஒரு வருசமும் தங்கச்சி கடலில் போய்விட்டாள் என்று நினைத்து, ஹோவா அவளுடைய படத்தை முன்னோர் படங்களோடு வைத்து, சாம்பிராணி கொளுத்தி, சோறு படைத்திருக்கிறா. கடிதம் வந்த அன்று படத்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்தவ, பிறகு லான் எழுதிய ஒரு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற வாத்தியார் ஒருவர்தான் அவ்வப்போது "உன் அக்கா சுகம்" என்று எழுதுவார். இந்த முறை "வரலாம்" என்று எழுதியிருந்தார்.

"அக்கா சொல்லி எழுதினவரோ, தானாய் எழுதினவரோ தெரியாது," என்றாள் லான். "அதுதான் உன்னைக் கூப்பிடுறன்."

வீட்டில் என் மனுசனிடம் சொன்னேன். அவருக்கு லீவு கிடையாது. ஒரு கேள்வி மட்டும் கேட்டார்:

"அங்கை சண்டை முடிஞ்சுதோ?"

"முடிஞ்சு இருவது வருசம் ஆகுது."

"அப்ப போயிட்டு வா. சண்டை முடிஞ்ச ஊர் எப்பிடி இருக்கும் எண்டு நாங்கள் ஒருநாளும் பாக்கேல்லை."

3

என்னிடம் இருப்பது அகதிகளுக்குக் கொடுக்கிற நீல நிறப் பயணப் புத்தகம். இலங்கை தவிர உலகத்தில் உள்ள எல்லா நாட்டுக்கும் செல்லும் என்று அதில் அச்சடித்திருக்கிறது. அந்த எழுத்தை வாசிக்கிற போதெல்லாம் வயிறு எரியும். இந்த முறை முதல்தரமாக, சரி, உலகத்தில் மற்ற நாடுகளும் இருக்கத்தானே செய்கின்றன என்று நினைத்தேன். விசாக் கந்தோரில் அந்தப் புத்தகத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்கள். "நீங்கள் நோர்வேக்காரரா?" "இல்லை." "இலங்கையா?" "இப்போது இல்லை." கடைசியில் களைத்துப்போய் முத்திரை குத்தினார்கள்.

நானும் என் மகள் அபியும் லானுமாய் சைகோனில் பிளேனால் இறங்கி, கோச்சி ஏறி வடக்கே போனோம். அபிக்கு ஏழு வயது. இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் நொஸ்க்கில் மறுமொழி சொல்லுகிற சாதி. கடையில் நான் தமிழில் கூப்பிட்டால் இரண்டு அடி தள்ளி நிற்பாள். நான் என்ன செய்தும் அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து இரண்டு வசனம் சேர்த்துத் தமிழ் வாங்க முடியவில்லை என்பது எனக்கு நெடுநாள் மனவருத்தம்.

ஹுவே ஸ்டேசனில் தூறல். மேடையில் ஒரு மெலிந்த மனுசி ஊதா நிறச் சட்டை போட்டு, குடையை ஈட்டி மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றா. லான் என் கையை நசுக்கினாள். ஹோவா அக்கா நேரே வந்தா. லானைத் தாண்டி வந்தா. என்னைக் கட்டிப்பிடித்தா. அபியைத் தூக்கிக் கொஞ்சினா. பிறகு என்னுடைய முகத்தைப் பார்த்து, வியட்நாம் பாஷையில், மூச்சு விடாமல் ஏதோ சொன்னா.

நான் லானைப் பார்த்தேன். "என்ன சொல்லுறா?"

லான் சுவரைப் பார்த்துக்கொண்டு நொஸ்க்கில் சொன்னாள்: "உன்ரை சிநேகிதியிட்டைச் சொல்லு, நல்லா மெலிஞ்சுபோனாள் எண்டு சொல்லுறா."

"என்ரை சிநேகிதி ஆர்?"

"நான்தான்."

எனக்குப் பிடிபட ஒரு நிமிசம் சென்றது. ஹோவா அக்கா தங்கச்சியோடு நேரே பேசமாட்டா. ஆனால் பேசாமலும் இருக்க மாட்டா. என்னிடம் சொல்லுவா, நான் தங்கச்சியிடம் சொல்லவேண்டும். எனக்கு அந்தப் பாஷை தெரியாதே! ஆகவே தங்கச்சி அதை எனக்கு நொஸ்க்கில் சொல்லுவாள், நான் தங்கச்சிக்கே அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். மறுமொழியும் இதே வழியால் வரவேண்டும்.

"லான், நீ மெலிஞ்சுபோனியாம்," என்றேன் நொஸ்க்கில், முறைப்படி.

"அங்கை குளிர் எண்டு சொல்லு."

"அங்கை குளிர்," என்றேன் ஹோவா அக்காவிடம், எனக்குத் தெரிந்த ஒரே வழியில், தமிழில். லான் அதை வியட்நாம் பாஷையில் ஆகாயத்துக்குச் சொன்னாள். ஹோவா அக்கா என்னைப் பார்த்துத் தலையாட்டினா.

இப்படியே ரிக்ஷாவில் வீடு வரைக்கும் போனோம். அன்று பின்னேரமே வட்டாரப் பொலிஸ்காரர் ஒருவர் வந்தார். வெளிநாட்டார் வீட்டில் தங்கினால் பதியவேண்டுமாம். எந்த நாடு என்றார். நோர்வே என்றோம். என்னை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, நோர்வேயில் சனம் வெள்ளை என்றல்லவா கேள்விப்பட்டேன் என்றார். ஹோவா அக்கா குசினியிலிருந்து ஏதோ சொன்னா. அவர் பதிந்துவிட்டுப் போய்விட்டார்.

"என்ன சொன்னவ?"

"அங்கை வெயில் கடுமை எண்டு சொன்னவ," என்றாள் லான்.

4

வருசப் பிறப்பை அவர்கள் "தெத்" என்கிறார்கள். தெத்துக்கு முதல் கிழமை ஹுவே நகரத்துக்கு விசர் பிடித்துவிடும். ஹோவா அக்காவின் கடை ஆற்றோரத்துப் பெரிய சந்தையில் இருந்தது. கடை என்றால் ஒரு அடுப்பு, நாலு முக்காலி. அந்தச் சந்தைக்குள் நுழைந்தவுடனே எனக்குத் தலை சுற்றியது. மஞ்சள் பூக்கள் மலை மலையாய். சட்டியில் வளர்த்த குட்டித் தோடை மரங்கள், பழத்தோடு சைக்கிளின் பின்னால் ஆடிக்கொண்டு போகின்றன. சீனிப்பாகில் காய்ச்சிய இஞ்சி ஒரு பக்கம் நெஞ்சைப் பிடிக்கிறது, இறால் ஊறவைத்த கூழின் மணம் மறுபக்கம் மூக்கைப் பிடிக்கிறது. பெண்கள் தோளில் தடி வைத்து இரண்டு பக்கமும் கூடை தொங்கவிட்டு, ஓட்டமும் நடையுமாய் எங்களை இடித்துக்கொண்டு போகிறார்கள். ஒருத்தரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நோர்வேயில் ஒருவரை ஒருவர் தொடாமல் ஒன்பது வருசம் வாழ்ந்துவிட்டு வந்த எனக்கு, அப்படி இடிபட்டது எவ்வளவு சந்தோசம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். வேண்டுமென்றே இரண்டாம் தரமும் அந்தப் பாதையால் போனேன்.

சின்னச் சின்னக் கிண்ணத்தில் அவித்த ஒரு பலகாரம். அரிசிமாவு, இட்டலியின் குழந்தை மாதிரி, மேலே இறால் தூள். ஒரு ஆளுக்கு ஒரு தட்டு நிறையக் கிண்ணம் வைக்கிறார்கள். அபி தின்று தின்று கிண்ணங்களைக் கோபுரமாய் அடுக்கினாள்.

ஹோவா அக்காவின் கடையில் விற்பது மட்டிச் சோறு. ஆறிய சோற்றுக்கு மேல் ஆற்று மட்டி, கடலை, புளிச்ச காய், இலை வகை, எல்லாத்துக்கும் மேல் செத்தல் மிளகாய். வேலணைக் கரையிலும் மட்டி இருக்கிறது. எங்கள் வீட்டில் அதை அடுப்பில் ஏற்ற விட்டதில்லை. இத்தனை கடல் தாண்டி வந்து முதல்முதலாய் மட்டி தின்றேன். ஹோவா அக்கா என் கண்ணில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றா. சுற்றி நின்ற கடைக்காரிகளும் பார்த்தார்கள். வெளிநாட்டார் ஒரு கரண்டியோடு கத்துவார்களாம். நான் முடித்துவிட்டு, மிளகாய் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கையைக் காட்டினேன். சந்தை முழுக்கக் கை தட்டியது. யாழ்ப்பாணத்தின் மானத்தை அங்கே நான் காப்பாற்றினேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

அந்தப் பெருமைப் புளுகத்தில் நான் பாஷையிலும் இறங்கிவிட்டேன். பக்கத்துக் கடையில் அரிசி நூடில்ஸ் போட்ட சூப் விற்றாள் ஒருத்தி. அதற்கு "புன்" என்று பெயர். குரலை மேலே தூக்கிச் சொல்லவேண்டும். நான் கீழே இறக்கிச் சொன்னேன். கீழே இறக்கினால் சேறு என்று அர்த்தமாம்.

"இரண்டு கோப்பை சேறு தாங்கோ, நல்ல உறைப்பாய்," என்று நான் கேட்டிருக்கிறேன். அந்த மனுசி சிரித்துச் சிரித்து அகப்பையைக் கீழே போட்டாள். ஹோவா அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. லானும் சிரித்தாள். இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு, மூக்கைச் சுருக்கிக்கொண்டு வருகிற சிரிப்பு. ஒருவரை ஒருவர் கண்டதும் இரண்டு பேரும் டக்கென்று நிற்பாட்டிவிட்டார்கள்.

இன்னொரு சங்கதி. அந்தச் சந்தையில்தான் அபி என் சேலையை இழுத்து, என் காதுக்குள், வடிவான தமிழில் சொன்னாள்: "அம்மா, எனக்கு இந்த இறால் மணம் பிடிக்கேல்லை. லான் அன்ரிக்குச் சொல்லாதேங்கோ." நான் திகைத்துப்போனேன். பிறகு விளங்கியது. நொஸ்க்கில் சொன்னால் லானுக்கு விளங்கிவிடும்! இரகசியம் பேச அவளுக்கு வேறு பாஷை இல்லை. அன்று முழுக்க அபி என் காதுக்குள் தமிழாய்க் கொட்டினாள். நானும் ஒவ்வொன்றையும் மகா இரகசியமாய்க் கேட்டுக்கொண்டேன்.

5

ஹோவா அக்காவின் வீடு பழைய ராசாக்களின் கோட்டைக்குள் இருந்தது. கோட்டை என்றால் ஒரு ஊரே அதற்குள். சுற்றிவர அகழி, தாமரைக் குளங்கள், ஒழுங்கைகள். தெத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஹோவா அக்கா என்னை மதிலடிக்குக் கூட்டிக்கொண்டு போனா. லானும் வரத்தான் வேண்டும், இல்லாவிட்டால் யார் எனக்குச் சொல்லுவது?

அறுபத்தெட்டாம் ஆண்டுத் தெத்தில்தான் அந்தக் கோட்டைக்குள் பெரிய சண்டை நடந்தது. மதில் முழுக்க இன்னமும் சன்னம் பாய்ந்த ஓட்டைகள். எங்கள் ஊரில் அப்படியான ஓட்டைகளைக் கண்டிருக்கிறேன், ஆனால் புதிது. இவை பாசி பிடித்துப் பழையதாய்ப் போன ஓட்டைகள். ஒன்றுக்குள் குருவி கூடு வைத்திருந்தது. மதிலின் கொடியில் யாரோ சட்டை காயப்போட்டிருந்தார்கள். அபி ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் விரலை விட்டு ஆழம் பார்த்துக்கொண்டு போனாள்.

ஹோவா அக்கா என்னைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, லான் எனக்குச் சொன்னாள்.

"அக்கா சொல்லுறா, கட்டிலுக்குக் கீழை கிடங்கு வெட்டி இருந்தவையாம். அப்பா தண்ணி எடுக்கப் போனவராம். திரும்பி வரேல்லையாம். இரண்டு நாள் பாத்துப்போட்டு, அம்மா முன்னாலை போக, அக்கா என்னைத் தூக்கிக்கொண்டு இந்த வாசலாலை ஓடினவவாம். அக்காவுக்குப் பதினாலு வயசு. எனக்கு நாலு."

ஹோவா அக்கா மதிலைத் தொட்டுக்கொண்டு தொடர்ந்தா.

"என்ன?" என்றேன்.

"கொஞ்சம் பொறு." மூக்கை உறிஞ்சினாள். "எல்லாப் பிள்ளையளும் கத்திச்சுதுகளாம். நான் மட்டும் அவவின்ரை கழுத்தைப் பிடிச்சுக்கொண்டு நித்திரை கொண்டனானாம். அந்தச் சத்தத்துக்குள்ளையும். செத்துப்போனனோ எண்டு அவ நிண்டு நிண்டு மூச்சைப் பாத்தவவாம்." பிறகு தனக்குத் தானே சொல்லுவதுபோல: "இதை எனக்கு ஒருத்தரும் சொன்னதில்லை, சறோ. எனக்கு ஒண்டுமே ஞாபகமில்லை."

நான் எனக்குரிய வேலையைச் செய்யவேண்டும். லானுடைய முகத்தைப் பார்த்து, "நீ அவவின்ரை கழுத்திலை நித்திரை கொண்டனியாம்," என்று திருப்பிச் சொன்னேன். அன்றைக்கு அது பகிடியாய் இருக்கவில்லை.

என் மனுசனின் கேள்வியை அங்கே வைத்துத்தான் கேட்டேன். சண்டை முடிந்துவிட்டது என்று அக்காவுக்கு எப்போது தெரிந்தது? வானொலியில் சொன்ன அன்றா?

ஹோவா அக்கா சொன்னதை லான் எனக்குச் சொன்னாள்: "வானொலியிலை எத்தினையோ தரம் சொன்னவை. பேந்து ஒரு நாள் சந்தையிலை ஒருத்தி, மட்டி சின்னன் எண்டு சொல்லி என்னோடை அரை மணித்தியாலம் கத்திச் சண்டை பிடிச்சாள். நானும் கத்தினன். சுத்தி நிண்ட சனம் எல்லாம் பாத்துச் சிரிச்சுது. அண்டைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது."

6

வாசிக்கிற உங்களுக்கு ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன், எனக்குத்தான் ஒருவரும் சொல்லவில்லை. தெத் விடியலில் ஒரு வீட்டுக்குள் முதல் காலடி வைக்கிற ஆளை வைத்துத்தான் அந்த வீட்டின் வருசம் முழுக்க நடக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகையால் பொருத்தமான ஆளைப் பார்த்து, பிறந்த ஆண்டுக்குரிய மிருகத்தை வைத்துப் பொருத்தம் பார்த்து, முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். அவர் வருமட்டும் வேறு ஒருவரும் வாசலைத் தாண்டக்கூடாது. ஹோவா அக்கா அந்த வாத்தியாரைச் சொல்லிவைத்திருந்தா. லான் எனக்குச் சொல்ல மறந்துவிட்டாள். பிறந்ததிலிருந்து தெரிந்த ஒன்றைப் புதிதாய்ச் சொல்லவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

எனக்கு வருசப் பிறப்பு என்றால் விடிய எழும்பி முழுகி, புதுச்சேலை உடுக்கவேண்டும். நான் முழுகினேன். கொண்டுபோன சிவப்புப் பட்டை உடுத்தேன். அபிக்கும் சட்டை போட்டுப் பொட்டு வைத்து, குசினிக் கதவால் பின்வளவுக்குப் போய், ஒழுங்கைக்கு இறங்கினோம். அந்த வருசம்தான் முதல்முறையாய் வெடி கொளுத்தக்கூடாது என்று அரசாங்கம் சொல்லியிருந்ததாம். ஒழுங்கை ஒரே அமைதி. தூறல் விட்டு, மஞ்சள் பூவெல்லாம் முகம் கழுவின மாதிரி நின்றன. எனக்கு அப்படி ஒரு சந்தோசம். நானும் அபியும் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த வாழ்த்தைச் சொல்லிக்கொண்டு ஒவ்வொரு படலையாய்ப் போனோம். என்னைக் கண்டவுடனே ஒரு வீட்டுக்காரர் கதவை அடித்துச் சாத்தினார். அடுத்த வீட்டில் ஒரு மனுசி "ஐயோ" என்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டுப் படலைக்குக் குறுக்கே ஓடி வந்து நின்றா. மூன்றாம் வீட்டில் யன்னலும் சேர்த்துச் சாத்தினார்கள்.

"அம்மா, எல்லாரும் பயப்பிடினம்," என்றாள் அபி.

"புதுச்சேலையைக் கண்டு வெக்கப்பட்டிருப்பினம்," என்றேன்.

திரும்பி வந்து, நல்ல நாளும் அதுவுமாய்ப் பின்பக்கத்தால் போகக்கூடாது என்று முன்வாசலுக்கு வந்து, கடவுளே என்று வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தேன்.

ஹோவா அக்கா பழத்தட்டோடு எதிரே வந்துகொண்டிருந்தா. என் காலைப் பார்த்தா. தட்டை மெதுவாய் மேசையில் வைத்தா. அப்போது லான் தலைமயிரைக் கட்டிக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். ஹோவா அக்கா அவள் பக்கம் திரும்பினா. அவளுடைய முகத்துக்கு நேரே கையை நீட்டி, அந்த அமைதியான ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினா.

லான் கட்டிக்கொண்டிருந்த தலைமயிரைக் கைவிட்டாள்.

"என்ன சொல்லுறா, லான்? நான் என்ன செய்தனான்?"

"சைக்கிள் எங்கை எண்டு கேக்கிறா."

"என்னட்டையோ?"

"இல்லை," என்றாள் லான். "என்னட்டை. என்னட்டைக் கேக்கிறா. என்ரை சைக்கிளை எங்கையடி விட்டனி எண்டு கேக்கிறா."

பதினைந்து வருசத்துக்கு முதல், சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு வாறன் என்று சொல்லிவிட்டுத்தான் லான் வீட்டை விட்டுப் போயிருக்கிறாள். அது அக்காவின் சைக்கிள். கடற்கரையில் விட்டுவிட்டு வள்ளம் ஏறியிருக்கிறாள். அக்கா அதற்குப் பிறகு மட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தே சந்தைக்குப் போனவவாம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அந்த நேரம் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அக்கா தங்கச்சியின் தோள் இரண்டையும் பிடித்து உலுக்கிக்கொண்டு கத்துகிறா. தங்கச்சி அழுதுகொண்டு திருப்பிக் கத்துகிறாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கத்துகிறார்கள். நடுவில் நான் இல்லை.

அழுது முடிந்து, இரண்டு பேரும் ஒரே கதிரையில் நெருக்கிக்கொண்டு இருக்கிற நேரத்தில்தான் ஹோவா அக்காவுக்குத் திரும்ப என் கால் ஞாபகம் வந்தது. தலையில் கை வைத்தா.

"இது பண்டி வருசம்," என்றாள் லான் என்னிடம். "உன்ரை ஆண்டு பாம்பு. பண்டிக்கும் பாம்புக்கும் ஜென்மப் பகை. உலகத்திலை வேறை ஆளே கிடைக்கேல்லையோ எண்டு கேக்கிறா."

"நான் பாம்பு எண்டு ஆர் சொன்னது?"

"உன்ரை வயசுதானே சொல்லுது."

நான் தொண்டையைக் கனைத்தேன். "லான், என்ரை வயசிலை இரண்டைக் கூட்டு. பத்திரத்திலை இருக்கிறது ஏஜென்சிக்காரன்ரை வயசு."

லான் விரல் மடக்கினாள். வாய் திறந்தபடி நின்றது. "பூனை!"

"பூனை எண்டா?"

லான் அக்காவிடம் சொன்னாள். ஹோவா அக்கா துள்ளி எழும்பினா. பன்றி வருசத்துக்குப் பூனைதான் முதல் சிநேகிதமாம். வாத்தியார்கூட அவ்வளவு பொருத்தம் இல்லையாம். என்னைத் திரும்ப வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், வெளியே நிற்பாட்டி, இன்னொரு முறை நல்ல வடிவாய் உள்ளே வரச் சொன்னா. வந்தேன். அபிக்கு ஒரு சிவப்பு உறைக்குள் கைவிசேசக் காசு வைத்துக் கொடுத்தா.

லான் மட்டும் என்னை முறைத்துக்கொண்டு நின்றாள். "அப்ப நீ எனக்கு அக்கா! ஒன்பது வருசமாய்த் தங்கச்சி எண்டு சொல்லி உன்ரை சாப்பாட்டுக் கோப்பையையும் சேத்துக் கழுவினன்!"

அந்த நேரம் பார்த்து வாத்தியார், கோட்டும் சப்பாத்துமாய், கையில் பூவோடு, வருசம் முழுக்க அதிர்ஷ்டம் கொண்டு வருகிற நடையில் படலைக்கு வந்தார். உள்ளே சிவப்புப் பட்டோடு நிற்கிற என்னைக் கண்டார். "அப்ப நான் சும்மாதான் விடிய எழும்பினனானோ?" என்றார். அவருக்கு இரண்டு பங்கு பலகாரம் வைத்தோம்.

7

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குச் சரியாய்ச் சொல்லத் தெரியாது. ஏனென்றால் ஒருவரும் எனக்கு ஒன்றும் மொழிபெயர்க்கவில்லை. காலை தொடக்கம் படுக்கும் வரைக்கும் இரண்டு பேரும் கதைத்தார்கள், சண்டை பிடித்தார்கள், நானும் அபியும் பக்கத்தில் இருந்து இனிப்பு இஞ்சி தின்றோம். "என்ன சொல்லுறா?" என்று நான் கேட்டால் லான் கையைக் காட்டிப் பொறுக்கச் சொல்லுவாள்.

ஐந்தாம் ஆறாம் நாளில் அவர்களின் தகப்பனுக்குத் திவசம் வந்தது. அன்று பார்த்தால் பக்கத்து வீட்டிலும் திவசம், எதிர் வீட்டிலும் திவசம். அறுபத்தெட்டுத் தெத்தில் போனவர்களுக்கு அந்தத் தெரு முழுக்க அந்தந்த நாளில் சோறு படைக்கிறது. ஒரு வீட்டில் வைத்த பலகாரம் மற்ற வீட்டுக்குப் போகிறது. பிள்ளைகள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு குறுக்கும் மறுக்கும் ஓடுகிறார்கள். அபி ஐந்து வீட்டில் சாப்பிட்டாள். நானும் என்னுடைய ஆட்களை நினைத்து ஒரு சாம்பிராணிக் குச்சி கொளுத்தினேன். ஹோவா அக்கா பேர் கேட்டா. நான் ஒவ்வொரு பேராய்ச் சொல்லச் சொல்ல, அவவும் தன் வாயால், குரல் ஏற்றி இறக்கி, எங்கள் வேலணைப் பேர்களைச் சொன்னா. எல்லாம் பிழையாய்த்தான் சொன்னா. நான் திருத்தவில்லை.

லீவு முடிந்து நானும் அபியும் மட்டும் கோச்சி ஏறினோம். லான் இன்னும் ஒரு மாதம் நிற்கப் போகிறேன் என்றாள். அந்த மாதமும் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மனுசனிடம் எல்லாம் சொன்னேன். மதிலில் இருந்த குருவிக்கூட்டைப் பற்றிச் சொன்னபோது என்ன குருவி என்று கேட்டார். மட்டிக்காரியின் சண்டையைச் சொன்னபோது சிரித்தார். "எங்கடை யாழ்ப்பாணத்துச் சின்னக்கடை மீன் சந்தைக் கத்தலைக் கணக்கெடுத்தா சண்டை நாளைக்கே முடிஞ்சுது," என்றார். அவரை அப்படிச் சிரிக்கக் கண்டு கனகாலம்.

பக்டரியில் எனக்குப் பக்கத்து இடம் வெறுமையாய் இருக்கிறது. மேற்பார்வையாளர் ஒவ்வொரு திங்களும் கேட்கிறார். நேற்று லான் ஹுவே தபால் கந்தோரிலிருந்து ரெலிபோன் எடுத்தாள். புதுச் சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறாளாம், அக்காவுக்கு அதன் நிறம் பிடிக்கவில்லையாம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஹோவா அக்காவின் குரல் உச்சத்தில் கேட்டது. லான் வாயை அந்தப் பக்கம் திருப்பி அதைவிட உச்சத்தில் ஏதோ கத்தினாள்.

"என்ன சொல்லுறா?" என்று கேட்டேன்.

"இப்ப நேரமில்லை, அக்கா, பேந்து சொல்லுறன்," என்றாள் லான், மூக்கால் சிரித்துக்கொண்டு. ரெலிபோனை வைத்துவிட்டாள்.